அண்ணியின் வழக்கும் என் வழக்கும்

அண்ணி கடலூருக்கு வந்த அன்று அம்மா ஆரத்தி எடுக்கவில்லை. வாடகைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் பெட்டிகளை இறக்கிவைத்தார். முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையும் போட்ட ஒரு பெண் இறங்கி, எங்கள் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள். கிர்கிஸ்தானுக்கு மருத்துவம் படிக்கப் போன என் அண்ணன், பட்டத்தோடு ஒரு மனைவியையும் கூட்டி வந்திருந்தான். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கே போன் செய்தான்.

"மூக்கு சப்பையா இருக்குதே" என்றாள் அம்மா, அண்ணிக்குப் புரியாது என்ற தைரியத்தில். அண்ணி அதையும் வணக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கைகூப்பினாள்.

அந்தப் பட்டம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு முந்திரித்தோப்பு இருந்தது. அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இங்கே எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை. ஏஜெண்ட் ஒருவர் வந்து கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தைப் பற்றிச் சொன்னார். தோப்பு விலைக்குப் போனது, அண்ணன் விமானம் ஏறினான். சில வருடங்கள் கழித்து நான் ப்ளஸ் டூ முடித்தேன். அவனைவிட நிறைய மதிப்பெண் வாங்கியிருந்தேன். மதிப்பெண் பட்டியலை அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டிவி மேல் வைத்தார்.

"நானும் டாக்டருக்குப் படிக்கிறேன்மா."

"இருந்தது ஒரு தோப்புடி பாப்பா. அதான் போயிடுச்சே" என்றாள் அம்மா.

கட்டணம் குறைவு என்று விழுப்புரம் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். எனக்கு அண்ணன் மேல் பொறாமை என்று குறிஞ்சிப்பாடி மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொறாமை இல்லை. அவனிடம் இருப்பது எனக்கு வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் ஒருநாள் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அந்த ஆசையோடுதான் சட்டம் படித்தேன்.

அப்படிப்பட்டவளுக்கு அவன் பெண்டாட்டியைப் பிடித்துப்போனது வேடிக்கைதான். வீட்டில் எல்லாரும் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். விசா படிவத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெயரை எழுதும்போது எனக்கு அந்தப் பெயரையே எழுதிவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். டிவி பார்த்தும், மீன்காரம்மாவிடம் பேரம் பேசியும், என்னிடம் கேட்டும் ஒரு வருடத்துக்குள் அண்ணி நன்றாகத் தமிழ் பேசினாள். எங்கள் ஊர்த் தமிழ்தான். "ஜாஸ்தி சொல்றீங்கம்மா, நாளைக்கு வர்றேன் போங்க" என்று அவள் சொன்னால் மீன்காரம்மாவே விலையை இறக்கிவிடுவார்.

சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிப் பேசுவாள். அந்த அம்மா, சோவியத் நாடு இருந்த காலத்தில், பெரிய தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டியவர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். ஏணியில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் கீழே நிற்கிற ஆண்களெல்லாம் அவர் கையசைவுக்காகக் காத்திருப்பார்களாம். பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுமுறை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலை வாசலிலேயே காப்பகம்.

"அப்ப பொம்பளைங்களுக்கெல்லாம் நல்ல காலம்தானா அண்ணி?"

"நல்ல காலம்னா... எட்டு மணி நேரம் மேல கிரேன். கீழ எறங்கி வந்து எங்கப்பாவுக்கு சூப் வெக்கணும். எங்கப்பா ஒரு கப் கூட கழுவமாட்டார். ஆனா அம்மாவுக்குக் கிரேன் இருந்துச்சு பாப்பா. அப்பறம் அதுவும் இல்ல."

நாடு உடைந்தது. தொழிற்சாலையை யாரோ வாங்கினார்கள். வேலையைவிட்டு எடுத்தவர்களில் முதலில் பெண்கள். "இனிமே நீ நிம்மதியா வீட்டுல பொம்பளையா இருக்கலாம்" என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த வாக்கியத்தை அண்ணி ரஷ்ய மொழியில் ஒருமுறை சொல்லி, பிறகு தமிழில் சொல்வாள். அந்த அம்மா நிம்மதியாக வீட்டில் இருக்கவில்லை. சந்தையில் பனியில் நின்று காலுறை விற்றார். புருஷன் குடித்தே செத்தார். படித்த பெண்கள், என்ஜினீயர் பெண்களெல்லாம் அதே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று விற்றார்களாம்.

போனது வேலை மட்டுமில்லை. பெண்களைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்க் கல்யாணம் செய்கிற பழக்கம் ஒன்று அந்த ஊரில் உண்டு. நாடு உடைந்த பிறகு, இது எங்கள் பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் அதைச் செய்ய ஆரம்பித்தார்களாம். சட்டப்படி குற்றம்தான். போலீசுக்குப் போனால், சமாதானமாகப் போங்கள் என்பார்கள். அண்ணியின் அக்காவைக் கல்லூரி வாசலில் அப்படித்தான் தூக்கிப்போனார்கள். பையன் வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். துணி கட்டினால் முடிந்தது, பெண் அந்த வீட்டுக்காரி. ஓடிவிடாமல் இருக்க, அந்த வீட்டுக் கிழவி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். பெரியவர்களைத் தாண்டுவது அங்கே பெரிய பாவம்.

"அம்மா என்ன பண்ணாங்க?"

"சந்தையிலேருந்து நேரா போனாங்க. கெழவிய தாண்டுனாங்க. அக்கா தலையில இருந்த துணிய அவுத்தாங்க. அந்தத் துணியிலயே மூக்க சிந்தி அங்கயே போட்டுட்டு, அக்காவ கூட்டிட்டு வந்துட்டாங்க."

எனக்கு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அண்ணியும் சலிக்காமல் சொல்வாள். அந்த ஊரில் யாருக்கும் சிக்கக் கூடாது என்றுதான், கேட்டுவிட்டுக் கைபிடித்த என் அண்ணனை அவள் கட்டிக்கொண்டாள். "உங்கண்ணன் கார்ல தூக்கல. பிளேன்ல டிக்கெட் போட்டு, வர்றியான்னு கேட்டார்" என்பாள்.

அண்ணன் ஊர் திரும்பியதும், வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய தேர்வை எழுதினான். தோற்றான். மறுபடி எழுதித் தோற்றான். அப்பா மாரடைப்பில் போனதும் அந்தக் காலத்தில்தான். அண்ணி பிசியோதெரபி படித்தவள். மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு கட்டில் போட்டு, அக்கம்பக்கத்து மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். துறைமுகப் பக்கத்து மீன்காரப் பெண்கள் வந்தார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து காரில் வந்தார்கள். ரஷ்யாக்கார அம்மா என்றுதான் அவளுக்குப் பெயர். அவள் இரண்டு கைகளில்தான் அந்த வீடு சாப்பிட்டது, அண்ணன் பயிற்சி வகுப்புக்குப் போனது. கடைசியில் ஒருவழியாகத் தேறினான். முன்னறையையும் பக்கத்து அறையையும் சேர்த்து கிளினிக் ஆக்கினான். வாசலில் பலகை மாட்டினான். அதில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அண்ணியின் கட்டில் திரைக்குப் பின்னால் போனது. அம்மாவிடம் அவள் அதைக் கேட்டபோது, "ஆம்பளைக்கு ஒரு மரியாதை வேணாமா? நீ நிம்மதியா வீட்டுல இரு" என்று பதில் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த மேற்பார்வையாளரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

பிறகு நான் சிதம்பரத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்து, கீழவீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் தங்கினேன். அப்போது அண்ணியின் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அண்ணன் மிகவும் அக்கறையாக டிக்கெட் எடுத்துக்கொடுத்தான். விசா முடிகிற சமயம்தான், ஆனால் கணவன் என்ற முறையில் நான் இங்கிருந்து அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன், அங்கேயே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றான். அண்ணி போனாள். கடிதம் போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்றான். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான்.

"பாப்பா, அவருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று அண்ணி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

அண்ணனைக் கேட்டேன். "அவதான் வரமாட்டேங்குறா. அவ ஊருப் பொம்பளைங்களைப் பத்தி உனக்குத் தெரியாது" என்றான். அவன் பொய் சொல்லும்போது காதைத் தடவுவான். தடவிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் அம்மா போன் செய்தாள். "பட்டுப்புடவை எடுத்து வெச்சுக்கோ. உங்கண்ணனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு சிதம்பரம்தான். பல் டாக்டர். அவுங்கப்பா ஆஸ்பத்திரி கட்டித் தர்றாராம்."

"அண்ணி?"

"அது ஏதோ ஆபீஸ்ல கையெழுத்து போட்டது. நம்ம ஊர்ல செல்லாதாம். உங்கண்ணன் விசாரிச்சிட்டான்."

வக்கீலாக இருக்கிற தங்கையிடம் விசாரிக்கவில்லை. அந்த இடத்திலேயே, அந்தக் கல்யாணம் செல்லும்மா, இன்னொன்று செய்தால் அவனுக்கு ஜெயில் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் உஷாராகிவிடுவான். யாரையாவது பிடித்து அண்ணியை மிரட்டி எதிலாவது கையெழுத்து வாங்கிவிடுவான். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அவன் இன்னும் உயரம் ஏற வேண்டும் என்று எனக்கு இருந்தது. "என்ன கலர் பொடவைம்மா?" என்று கேட்டேன்.

நிச்சயதார்த்தத்தில் நாத்தனார் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். மண்டபம் பிடிக்கட்டும் என்று விட்டேன். பத்திரிகை அடிக்கட்டும் என்று விட்டேன். குறிஞ்சிப்பாடி மாமா ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்தார். நன்றாக வைக்கட்டும் என்று வழியனுப்பினேன்.

அண்ணியிடம் வீடியோ காலில் சொன்னபோது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பி, பின்னால் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தன் அம்மாவிடம் ரஷ்ய மொழியில் சொன்னாள். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"என்ன தேதின்னு கேக்குறாங்க" என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் சுற்றுலா விசாவில் சென்னை வந்து இறங்கினார்கள். நான் போய்க் கூட்டிவந்து என் மாடி அறையில் வைத்துக்கொண்டேன். பூப்போட்ட துணியைத் தலையில் கட்டியிருந்த அந்த அம்மாவுக்கு வாய் நிறையத் தங்கப்பல். சிதம்பரம் வெயிலில் விசிறிக்கொண்டே, தேரடியில் நிற்கிற கனமான தேரைப் பார்த்து, இதை எந்தக் கிரேன் தூக்கும் என்று கேட்டார். வடம் பிடித்து இழுப்போம் என்றதும், ஏமாற்றமாகத் தலையாட்டினார்.

என் திட்டம் சுலபமானது. தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு பேரையும் மண்டபத்துக்குள் கூட்டிப்போவது. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனக்கிறேன்."

"அப்ப அவளையும்தான் கார்ல தூக்கிப்போடறாங்க. கார்ல இருக்கறவகிட்ட மொதல்ல சொல்லணும். இல்லன்னா நான் வரல."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் அவள் அப்பாவிடம் சொல்வாள், அப்பா அண்ணனிடம் சொல்வார், எல்லாம் பாழாகும். ஆனால் அண்ணி பிடித்த பிடியை விடவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது. மேலவீதிக்குப் பக்கத்தில் அவளுடைய பல் கிளினிக். டோக்கன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். அந்தப் பெண் மாஸ்க் போட்டுக்கொண்டு குனிந்து, தங்கப்பற்களைப் பார்த்து, "எங்க கட்டுனது இது? சூப்பரா கட்டியிருக்காங்க" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க... அவரோட தங்கச்சிதானே?" என்றாள்.

"ஆமாம். இது எங்க அண்ணி. நாற்காலியில இருக்கறது அண்ணியோட அம்மா."

"இன்னொரு அண்ணன் இருக்காரா? சொல்லவேயில்ல."

"இல்ல. ஒரே அண்ணன்தான்."

அண்ணி தன் போனைத் திறந்து கல்யாணப் படங்களைக் காட்டினாள். பிறகு கடலூர் வீட்டுப் படங்கள், பொங்கல் கோலம், கிளினிக் திறந்த நாள், அம்மாவோடும் என்னோடும் வெள்ளிக் கடற்கரையில் எடுத்தது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பினாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்காம ஆஸ்பத்திரி கட்டித் தர்றவங்க யாரு?" என்றேன் நான்.

நாற்காலியில் அந்த அம்மா வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். அதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இப்ப நான் போயி வீட்டுல சொன்னா, ரூம்ல ஒக்கார வச்சுப் பேசுவாங்க. எங்கம்மா அழுவாங்க. சித்தப்பாங்க எல்லாம் வருவாங்க. பேசிப் பேசி என்னை மணையில ஏத்திருவாங்க. எனக்கு அவுங்களைத் தெரியும். யாரும் ஒக்காந்து பேச முடியாத எடத்துல சொல்லணும்."

"எங்க?"

"ரிசப்ஷன் மேடையில." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்றேன். நீங்க வந்து நில்லுங்க, போதும்."

அண்ணி இதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையைத் தடவினார். தலையில் துணி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் கோட்டு சூட்டில் பளபளவென்று நின்றான். மாலை, பூக்கள், மின்விளக்கு, பின்னால் அவர்கள் இரண்டு பேர் பெயரும் எழுதிய பெரிய பலகை. நான் பட்டுப்புடவையில் மேடைக்குப் பக்கத்திலேயே, வாங்குகிற பரிசுகளை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். வேறு யார் கையிலும் அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை.

அண்ணியும் அவள் அம்மாவும் நேராகப் பந்திக்குப் போனார்கள். "மேல போய்ட்டா அப்பறம் சோறு கெடைக்காது பாப்பா" என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தாள். இலை போட்டு, கத்தரிக்காய் கொத்சு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவி, பீடாவும் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். அண்ணி நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கடலூரில் அவள் முதல் பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்தது.

போட்டோக்காரர் வழக்கம்போல, "வாங்கம்மா, மேல வாங்க, நீங்க மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம்" என்றார். அண்ணி போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மா ஊன்றுகோலோடு மறுபக்கம் நின்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போது வந்ததை நான் இத்தனை வருடமாகப் பல தடவை மனதில் எழுதிப் பார்த்திருந்தேன். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. கை தானாகக் காதுக்குப் போனது.

அந்தப் பெண் பாடகியிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இவுங்க மாப்பிள்ளையோட சம்சாரம். அந்தப் பக்கம் நிக்கறது அவரோட மாமியார். ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்காங்க. குடும்பப் போட்டோ எடுக்கறப்ப நான் நடுவுல நிக்கறது சரியில்ல. நான் எறங்கிக்கறேன்."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். பாட்டு நின்றுவிட்டது, கீபோர்டில் போட்டுவைத்த தாளம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மேடையில் அந்த அம்மா மட்டும் அசையாமல், படம் எடுக்கிறவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பழக்கதோஷத்தில் போட்டோக்காரர் கிளிக் செய்தார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

"நீதானா?" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து.

"நான்தான்."

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வயிற்றிலிருந்து தலைவரை குளிர்ந்தது. குறிஞ்சிப்பாடி மாமா, "யாரும்மா இதெல்லாம், எறக்குங்க எறக்குங்க" என்று ஓடிவந்தார். அந்த அம்மா ஊன்றுகோலை லேசாகத் தூக்கினார். மாமா அங்கேயே நின்றுவிட்டார். பெண்ணின் சித்தப்பாக்கள் அண்ணனை அறைக்குள் இழுத்துப்போனார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கோட்டில் ஒரு கை கிழிந்திருந்தது. அவனுக்குக் கொடுத்த புதுக் காரின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவனும் அம்மாவும் கடலூருக்குப் பஸ்ஸில் போனார்கள்.

போவதற்கு முன்னால் பெண்கள் உடை மாற்றும் அறையில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கூடப் பொறந்தவன்டி! குடும்ப மானத்தை இப்படி வாங்கிட்டியே! அந்த ரஷ்யாக்காரி உனக்கு யாரு?"

"அவுங்க என் அண்ணி. நீதான் சொல்லிக் கொடுத்த."

"உனக்கு என்னதாண்டி கொறை வெச்சோம்?"

"அந்தத் தோப்புல எனக்கு ஒரு மரம் கூட மிச்சம் வெக்கலயேம்மா" என்றேன். அம்மாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "எந்தத் தோப்பு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு அன்றைய சந்தோஷத்தில் பாதியைக் குறைத்துவிட்டது.

அதன் பிறகு அண்ணிக்கு நானே வழக்கறிஞர். ஜீவனாம்சம் கேட்டுச் சிதம்பரம் கோர்ட்டில் மனு போட்டோம். தன்னை விட்டுப் போய்விட்டாள், விவாகரத்து வேண்டும் என்று அண்ணன் போட்ட வழக்கில், விசாக் கடிதம் அனுப்பச் சொல்லி அண்ணி அனுப்பிய செய்திகளையெல்லாம் வரிசையாகக் கொடுத்தோம். அவனுக்கு விவாகரத்து கிடைக்கவில்லை. அவனால் இன்னொரு கல்யாணமும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, நீதிமன்ற வேப்பமரத்தடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். நான் கறுப்புக் கோட்டோடு அவனைக் கடந்து போவேன். வாய்தா தள்ளிப்போகும் நாட்களில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

சுற்றுலா விசா முடிந்து ஊர் திரும்பிய அண்ணி பிஷ்கெக்கில் சொந்தமாக ஒரு அறை எடுத்து, வாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டாள். மார்ச் எட்டாம் தேதி ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் அம்மா காலத்தில் அன்றைக்கு விடுமுறை, தொழிற்சாலையில் ஆளுக்கொரு பூ கொடுப்பார்களாம். இப்போது பெண்கள் தெருவில் பதாகையோடு போகிறார்கள், ஓரத்தில் நிற்கிற ஆண்கள் கத்துகிறார்கள். கூட்டத்தில் அந்த அம்மாவும் ஊன்றுகோலோடு நடந்தார். பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எங்களுக்குப் பூ வேணாம்னு எழுதியிருக்கு" என்றாள்.

அந்த மாதத்திலேயே ஒருநாள், "பாப்பா, போதும். கையெழுத்துப் போட்டுடலாம்" என்றாள்.

"எதுக்கு? இன்னும் அஞ்சு வருஷம் இழுக்கலாம் அண்ணி. அவன் கெடக்கட்டும்."

"அவர் கெடக்கட்டும். ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் இங்க தூங்காம இருக்கேன். எனக்கு வர வேண்டியத வாங்கிக் குடு. அப்பறம் முடி."

அந்தப் பல் டாக்டரும் அதையேதான் சொன்னாள். அவள் இப்போது எனக்குச் சிநேகிதி, வீட்டைவிட்டு வந்து தனியாக இருக்கிறாள், அவள் அப்பா அவளிடம் பேசுவதில்லை. "அவுங்க கோவம் அவுங்களுக்குத் தீந்துடுச்சு. உங்க கோவத்த அவுங்க பேர்ல ஓட்டாதீங்க" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் கட்சிக்காரர் சொன்னால் வக்கீல் கேட்க வேண்டும். அண்ணிக்குச் சேர வேண்டியதை ஒரு பைசா குறையாமல் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சம்மத விவாகரத்து மனுவை நானே எழுதினேன். முடிந்தது. அண்ணன் நீதிமன்ற வாசலில் பெருமூச்சு விட்டதைப் பார்த்தேன்.

அந்தப் பெருமூச்சைப் பார்த்தபிறகு எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. ஆபீசில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் இன்னொரு மனுவை எழுதி முடித்தேன். மஞ்சக்குப்பம் வீடு அப்பா வாங்கியது. அவர் உயில் எழுதவில்லை. அம்மாவுக்கு ஒரு பங்கு, அண்ணனுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. பெண்ணுக்கும் சமபங்கு என்று இந்த ஊரில் சட்டம் வந்து வெகுகாலம் ஆகிறது. கேட்கிற தங்கச்சிகள்தான் குறைவு. கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும் என்பார்கள். எனக்கு மூட வாசல் எதுவும் மிச்சமில்லை.

நோட்டீஸ் போன அன்றே அண்ணன் போன் செய்தான்.

"அவளோடதுதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் என்ன?"

"அது அண்ணியோடது. இது என்னோடது."

"கிளினிக்கு இடிச்சாதான் உனக்கு மனசு ஆறுமா?"

"ஆறுமான்னு பாக்கணும்" என்றேன்.

போன மாதம் நீதிமன்றம் நியமித்த ஆணையர், பங்கு பிரிப்பதற்காக வீட்டை அளக்க வந்தார். அம்மா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. கிளினிக்கில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள், அண்ணன் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி கதவோரம் நின்றான். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் ஆணையர். அண்ணன் நகரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். முன்னறையைத் தாண்டி, திரை தொங்கிய இடத்தைத் தாண்டி, அவன் நாற்காலியை ஒதுக்கச் சொல்லி, அதற்கும் பின்னால் இருந்த சுவர்வரைக்கும் அளந்தோம்.